லேப்டாப்பில் வைஃபை இணையவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப் சர்வீஸ் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் காதில் அதிகம் விழும் புகார் "வைஃபை வரலை" என்பதுதான். வந்தவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைக் கோத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 கணினிகளை மனதில் வைத்து எழுதியது. லினக்ஸுக்கும் ஒரு கேள்வி உண்டு.

சார், வைஃபை வரலை. என்ன பண்ணணும்?

"வரலை" என்பதில் ஐந்து விதம் இருக்கிறது. உங்களுடையது எது என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் வீண். வைஃபை படிப்படியாகத்தான் இணைகிறது. முதலில் லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டை விண்டோஸ் கண்டுகொள்ள வேண்டும். அடுத்து, சுற்றிலும் உள்ள நெட்வொர்க்குகளின் பெயர்களைக் கார்டு பிடிக்க வேண்டும். பிறகு பாஸ்வேர்டை ரூட்டர் ஏற்க வேண்டும். ஏற்ற பின் ரூட்டர் ஓர் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் லேப்டாப்பின் விலாச எண்) தர வேண்டும். கடைசியாக, அந்த ரூட்டருக்கே வெளியில் இருந்து இன்டர்நெட் வந்துகொண்டிருக்க வேண்டும்.

ஐகானே இல்லையா, ஐகான் இருந்தும் பெயர் தெரியவில்லையா, பெயர் தெரிந்தும் சேர மறுக்கிறதா, சேர்ந்த பிறகும் பக்கம் திறக்கவில்லையா? இதை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். கீழே உள்ள கேள்விகளும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகின்றன.

வீட்டு வைஃபையில வரலை, போன் ஹாட்ஸ்பாட் போட்டா வருது. அப்ப கார்டு நல்லாத்தான் இருக்கா?

ஆமாம், அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. இந்தச் சோதனையை நீங்களாகவே செய்துவிட்டு வந்தால் சர்வீஸ்காரருக்குப் பெரிய உதவி. ஹாட்ஸ்பாட்டில் வந்தால் கார்டும், அதை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரும் உயிரோடு இருக்கின்றன. தகராறு ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையில். ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை, ஆனால் வீட்டில் மற்ற போன்கள் எல்லாம் ரூட்டரில் ஓடுகின்றன என்றால் லேப்டாப் பக்கம் பாருங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. போன் ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், வீட்டு ரூட்டரோ 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இருக்கும். அப்போது இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. போனில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போய் பேண்டை (2.4, 5 என்ற அலைவரிசையை) மாற்றி இரண்டிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வைஃபை ஐகானே காணோம். நேத்து வரைக்கும் இருந்துச்சு.

முதலில் ஏர்பிளேன் மோடு. கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு சாவியில் விமானமோ ஆன்டெனாவோ வரைந்திருக்கும். எஃப்என் சாவியோடு அது தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கும். பழைய மாடல்கள் சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது நகர்ந்துவிட்டால், விண்டோஸுக்குள் என்ன செய்தாலும் வைஃபை எழாது.

அதெல்லாம் சரி என்றால், கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏறும். குழம்பிப்போன டிரைவரும் அதே குழப்பத்தோடு எழுந்து வரும். அதனால் "ராத்திரி ஆஃப் பண்ணி காலையில போட்டுப் பாத்துட்டேன்" என்பது கணக்கில் சேராது; ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாக ஏறும்.

ரீஸ்டார்ட்டுக்கும் மசியவில்லை என்றால் ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் வடிந்து கார்டு முதலிலிருந்து விழித்துக்கொள்ளும். மந்திரம் மாதிரித் தெரியும். ஆனால் காணாமல் போன கார்டு பல தடவை இப்படித்தான் திரும்பி வந்திருக்கிறது.

டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் நிக்குது. கார்டு செத்துப்போச்சா?

முக்கோணம் இருக்கிறது என்றால், கார்டு அங்கே இருப்பதாவது விண்டோஸுக்குத் தெரிகிறது. அது நல்ல செய்தி. விண்டோஸ் சாவியோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற தலைப்பைப் பிரித்து, கார்டின் பெயரை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு கோட் எண் தெரியும்.

கோட் 22 என்றால் யாரோ டிசேபிள் செய்து வைத்திருக்கிறார்கள், எனேபிள் கொடுத்தால் போதும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருந்தும் கார்டைக் கிளப்ப முடியவில்லை. மேலே சொன்ன 30 விநாடி வேலை, அதற்குப் பிறகு டிரைவரை நீக்கிப் புதிதாகப் போடுவது என்ற வரிசையில் போங்கள். 43, கார்டே தனக்குக் கோளாறு என்று அறிவித்துக்கொள்வது. டிரைவர் மாற்றியும் 43 விடாமல் வந்தால் கார்டின் மீது சந்தேகப்படலாம்.

பட்டியலில் கார்டின் பெயரே இல்லை என்றால், வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுத்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்து, உள்ளே கோட் 45 இருந்தால், "முன்பு இருந்தது, இப்போது இணைப்பில் இல்லை" என்று பொருள். கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காராதது, பயாஸில் (விண்டோஸுக்கு முன் எழும் மதர்போர்டு அமைப்பில்) அணைக்கப்பட்டது, உண்மையிலேயே பழுதானது ஆகிய மூன்றில் ஒன்று.

டிரைவர் போடணும்ங்கறீங்க. நெட்டே இல்லாம எப்படி டவுன்லோடு பண்றது?

ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். விண்டோஸ் அதை லேன் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். வைஃபை கார்டே தேவையில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் இது நடக்காது. ரூட்டரில் இருந்து லேன் கேபிள் இழுக்க முடிந்தால் அது இன்னும் எளிது.

லேப்டாப் நிறுவனத்தின் ஆதரவுத் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுப்பதே பத்திரம். அசெம்பிள் செய்த கணினி, அல்லது கார்டு மாற்றப்பட்டது என்றால் கார்டின் சிப் யாருடையது என்று தெரிய வேண்டும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமான ஒரு வரி வரும். அதில் விஇஎன் என்ற மூன்று எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகளைப் பாருங்கள். 8086 என்றால் இன்டெல் (1978-இல் வந்த அவர்களது பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்). 10இசி ரியல்டெக். 14இ4 பிராட்காம். 168சி குவால்காம் ஏதெராஸ். 14சி3 மீடியாடெக்.

"எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கும்" மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். வைஃபையைச் சரிசெய்யப் போய், ஓடிக்கொண்டிருந்த ஆடியோவையும் டச்பேடையும் கெடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்டேட் ஓடி முடிஞ்சதும் வைஃபை போயிடுச்சு. பழையபடி ஆக்க முடியுமா?

டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர் என்ற பட்டன் இருக்கும். அது அழுத்தக்கூடியதாக இருந்தால் அழுத்துங்கள். மங்கிக் கிடந்தால், அதே பக்கத்தில் அப்டேட் டிரைவர் கொடுத்து, கணினியில் உள்ள டிரைவர்களின் பட்டியலில் இருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் போங்கள். பழைய பதிப்பு அங்கே தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் தெரியுது. எங்க வீட்டோடது மட்டும் லிஸ்ட்லயே இல்ல. என்ன மாயம்?

எனக்குப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பெரும்பாலும் எதுவும் பழுதாகி இருக்காது. ரூட்டர் பேசுகிற அலைவரிசையிலோ முறையிலோ உங்கள் கார்டுக்குக் காது இல்லை, அவ்வளவுதான்.

ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இருந்து, கார்டு 2.4 மட்டுமே அறிந்தது என்றால் பெயர் ஒருபோதும் தெரியாது. விலை குறைந்த பழைய லேப்டாப்களில் இப்படிப்பட்ட கார்டுகள் நிறைய. இதற்கு ரூட்டரில் 2.4-ஐயும் போட்டு வைப்பதைத் தவிர வழியில்லை. அடுத்தது சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் உள்ள பிரிவு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை சேனல்கள் பயன்பாட்டில் உள்ளன. அமெரிக்க அமைப்பில் 11-ஓடு நின்றுவிடும். அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப்பில் கார்டு 12, 13-ஐத் தேடவே தேடாமல் போகலாம். ரூட்டர் ஆட்டோ சேனலில் இருந்து, ஒரு நாள் 13-க்குத் தாவினால், "நேத்து இருந்துச்சு, இன்னைக்கு இல்ல" என்று நிற்பீர்கள். 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிலையாக வையுங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று உரசாதவை என்பதால் நெரிசலுக்கும் நல்லது.

மூன்றாவது காரணம்தான் பலரைச் சுற்றலில் விடுவது. புதிதாக வைஃபை 6 ரூட்டர் போட்டவுடன், பழைய இன்டெல் கார்டு உள்ள லேப்டாப்பில் மட்டும் அந்த நெட்வொர்க் மறைந்துவிடும். வைஃபை 6, அதாவது 802.11ஏஎக்ஸ், அனுப்பும் அறிவிப்பில் உள்ள புதுத் தகவல்களை அந்தப் பழைய டிரைவர் புரிந்துகொள்ளாமல் நெட்வொர்க்கையே ஒதுக்கிவிடுகிறது. கார்டு மாற்ற வேண்டியதில்லை. இன்டெல் தளத்தில் இருந்து அதே கார்டுக்கான புதிய டிரைவரைப் போட்டால் பெயர் வந்துவிடும். அது முடியாதபோது ரூட்டரில் ஏஎக்ஸ் மோடை அணைத்துப் பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அவற்றில் ஒலிபரப்பும் முன் ரூட்டர் குறைந்தது 60 விநாடி காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கும். மின்சாரம் போய் வந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாகத் தெரிகிறது என்றால் இதுதான் விஷயம். 36-க்கோ 149-க்கோ மாற்றினால் காத்திருப்பு இல்லை.

பாஸ்வேர்டு கரெக்டாத்தான் போடறேன். "இந்த நெட்வொர்க்கில் இணைக்க முடியவில்லை"னே வருது.

முதலில் அந்த நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்து மறக்கவையுங்கள். ரூட்டரில் பாஸ்வேர்டோ பாதுகாப்பு முறையோ மாறியிருந்தால், விண்டோஸ் சேமித்து வைத்த பழைய விவரத்தையே நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாகத் தட்டும்போது பாஸ்வேர்டு பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் குறியை அழுத்திப் படித்துப் பாருங்கள். சுழியமும் ஓ எழுத்தும் ஆளை மாற்றிக்கொள்ளும். கேப்ஸ் லாக் சொல்லவே வேண்டாம்.

பாஸ்வேர்டு சரி என்று உறுதியானால் ரூட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை 2018-இல் அறிமுகமானது. விண்டோஸ் 10-இல் 2019-இல் வந்த 1903 பதிப்பில் இருந்துதான் அதற்கு ஆதரவு உண்டு. டிரைவரும் அதை அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7-க்குத் தெரியவே தெரியாது. ரூட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறைக்கு மாற்றுங்கள். கலப்பு முறையிலும் முரண்டு பிடிக்கிற பழைய கார்டுகள் இருக்கின்றன. அவற்றுக்காக 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரை மட்டும் டபிள்யூபிஏ2-வில் தனியாக விட்டுவிடலாம்.

இன்னொரு ஆள் மேக் ஃபில்டர். ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் உள்ள அடையாள எண்தான் மேக் முகவரி; அதைப் பார்த்து ரூட்டர் ஆளை அனுமதிப்பது இது. ரூட்டரில் "இந்தக் கருவிகள் மட்டும்" என்று பட்டியல் போட்டு வைத்தவர் நீங்கள்தான் என்பதே மறந்துபோயிருக்கும். விண்டோஸில் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ் இயக்கத்தில் இருந்தால் லேப்டாப் வேறு மேக் முகவரியைக் காட்டும். ரூட்டர் அந்நியன் என்று கதவைச் சாத்தும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்களிலும் இதே பழக்கம் இயல்பாகவே இருக்கிறது. மேக் முகவரியைப் போலியாகக் காட்டுவது சுலபம் என்பதால் இந்த ஃபில்டரால் பாதுகாப்பு ஒன்றும் பெரிதாகக் கூடுவதில்லை. எடுத்துவிடுவதே என் யோசனை.

டபிள்யூபிஏ2-வுக்கு இறக்கினா பக்கத்து வீட்டுக்காரர் நெட்டைத் திருடிட மாட்டாரா?

பாஸ்வேர்டு நீளமாக, ஊகிக்க முடியாததாக இருந்தால் மாட்டார். டபிள்யூபிஏ2-வில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையைத் தேர்ந்தெடுங்கள். டிகேஐபி வேண்டாம், பாதுகாப்பும் குறைவு, அதில் இணைந்தால் வேகமும் 54 எம்பிபிஎஸ் தாண்டாது. 2017-இல் டபிள்யூபிஏ2-வில் கிராக் என்ற ஓட்டை வெளியானபோது பெரிய பரபரப்பு. கருவிகளுக்கு அப்டேட் வந்து அது அடைக்கப்பட்டது. அப்டேட் போட்டிருந்தால் கவலையில்லை. டபிள்யூஇபி என்று ஒன்று இன்னும் சில பழைய ரூட்டர்களில் இருக்கும். அதைப் போடுவதும் பாஸ்வேர்டே இல்லாமல் விடுவதும் ஏறத்தாழ ஒன்று.

கனெக்டட்னு காட்டுது, ஆனா "நோ இன்டர்நெட்"னு போட்டிருக்கு. கார்டு மாத்தணுமா?

வேண்டாம். கார்டு தன் வேலையை முடித்துவிட்டது. முதல் பதிலில் சொன்ன நான்காம், ஐந்தாம் படிகளில் ஏதோ ஒன்று சிக்கியிருக்கிறது. இணைந்த நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடம் முகவரி கேட்டும் பதில் வரவில்லை என்று பொருள். பதில் வராததால் விண்டோஸ் தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டது. ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அலுவலகம், விடுதி போன்ற இடங்களில் ரூட்டரின் முகவரி ஒதுக்கீடு தீர்ந்துபோய் இப்படி ஆவதும் உண்டு.

192.168 என்று ஒழுங்கான முகவரி இருந்து, மற்ற போன்களிலும் நெட் இல்லை என்றால் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பில் எரிந்தால் கம்பியில் ஒளி வரவில்லை. இணைப்பு நிறுவனத்தை அழைப்பதுதான் வேலை, லேப்டாப்பை நோண்டாதீர்கள். போன்களில் வந்து லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால், ஐபி அசைன்மென்ட் மேனுவலில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அலுவலகத்தில் யாரோ போட்டுவைத்த நிலையான முகவரி வீட்டில் வேலை செய்யாது. ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். வாட்ஸப் ஓடுகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்கிற விசித்திரத்துக்கு, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் காரணமாக இருக்கலாம்; 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டுப் பாருங்கள். பாதியில் நின்றுபோன விபிஎன்னும் இதே வேலையைக் காட்டும்.

ரொம்ப நாளா பீரோவுல இருந்த லேப்டாப். வைஃபை கனெக்ட் ஆகுது, எந்த சைட்டும் "பாதுகாப்பில்லை"ங்குது.

தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள காசு வடிவ சிமாஸ் பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைத்துக்கொள்ளும். தேதியைச் சரிசெய்தால் உடனே திறக்கும். அணைத்துப் போட்டதும் மறுபடி பின்னால் போனால் பேட்டரியை மாற்றுங்கள். பல மாடல்களில் சிஆர்2032 என்ற சாதாரண செல்தான், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

ரயில்வே ஸ்டேஷன்ல, காலேஜ்ல மட்டும் ஏறவே மாட்டேங்குது அண்ணா.

இரண்டும் வேறு வேறு. ஸ்டேஷனில் பாஸ்வேர்டு இருக்காது. இணைந்த பிறகு ஒரு பக்கம் திறந்து, போன் எண் கேட்டு ஓடிபி அனுப்பும். அந்தப் பக்கம் தானாக வராவிட்டால், முன்பு நீங்களாகப் போட்ட 8.8.8.8 போன்ற டிஎன்எஸ்ஸோ விபிஎன்னோ தடுக்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரியில் எஜுரோம் (பல கல்லூரிகளுக்குப் பொதுவான வைஃபை) போன்றவற்றில் ஆளுக்கு ஒரு பயனர் பெயர், பாஸ்வேர்டு. இந்தியாவில் எஜுரோமை நடத்துவது எர்நெட் என்ற அரசு அமைப்பு. பயனர் பெயரை வெறுமனே போடாமல் அட் குறியோடு கல்லூரி டொமைனையும் சேர்த்து முழுதாகப் போட வேண்டும். விடுபடுவது பெரும்பாலும் அதுதான். மேலே சொன்ன தேதிக் குழப்பம் இங்கேயும் சான்றிதழைக் கெடுக்கும்.

கனெக்ட் ஆகுது, கொஞ்ச நேரத்துல கட் ஆகுது, மறுபடி வருது. ஜூம் கிளாஸ்ல மானம் போகுது.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கமே இல்லாத மாடல்களும் உண்டு.

வீட்டில் ரூட்டரோடு, சிக்னலைத் தூரத்துக்குக் கடத்தும் எக்ஸ்டெண்டரும் இருந்தால் கார்டு இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும். அட்வான்ஸ்டு பக்கத்தில் ரோமிங் அக்ரெசிவ்னஸ் என்பதைக் குறைத்து வைத்தால் கையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அங்கேயே ப்ரிஃபர்டு பேண்டில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இரண்டு சுவர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 5-ஐவிட 2.4 தான் நிலையாக நிற்கும்.

யாரும் எதிர்பார்க்காத குற்றவாளி யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது என்று 2012-இல் இன்டெலே ஓர் ஆய்வுக் குறிப்பில் விளக்கியிருக்கிறது. டிஸ்கைச் செருகி காப்பி ஓடும்போது மட்டும் வைஃபை தள்ளாடினால், டிஸ்கை நீளமான கேபிளில் எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது வைஃபையை 5-க்குக் கொண்டுபோங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது.

ப்ளூடூத் ஹெட்செட் நல்லா வேலை செய்யுது. ரெண்டும் ஒரே கார்டுதானே, வைஃபை மட்டும் ஏன் போச்சு?

ஒரே கார்டுதான், ஆனால் போகிற வழி இரண்டு. பொதுவான எம்.2 கார்டில் வைஃபை பிசிஐஇ வழியாகவும் ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகவும் மதர்போர்டுக்குப் போகின்றன. ஒரு வழி அறுந்தாலும் மற்றது ஓடும். கார்டு லேசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலே இது நடக்கும். கழற்றி, தங்கமுனைகளை மென்மையாகத் துடைத்து, திரும்ப மாட்டினால் சரியாவதுண்டு.

அப்ப நானே பின்மூடியைத் திறந்து மாட்டிப் பாக்கலாமா?

வாரன்டி முடிந்திருந்து, கை நிதானமாக இருந்தால் பார்க்கலாம். கணினியை அணைத்து, சார்ஜரை எடுத்து, உள்ளே பேட்டரி கனெக்டரைப் பிரித்த பிறகுதான் மற்றது எதையும் தொட வேண்டும். கார்டு சிறியது: 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். ஒற்றைத் திருகு. திருகை எடுத்ததும் கார்டு தானாகச் சற்றே தூக்கும். அந்தச் சாய்விலேயே இழுத்தால் வந்துவிடும்.

கவனிக்க வேண்டியது அதன் மேல் ஒட்டியிருக்கும் இரண்டு மெல்லிய வயர்கள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அவைதான் திரையைச் சுற்றி ஓடும் ஆன்டெனாக்கள். அவற்றின் நுனியில் உள்ள பொத்தான்கள் அடிக்கடிக் கழற்றி மாட்டுவதற்கு ஆனவை அல்ல. நேர் மேலே தூக்கிக் கழற்றி, நேர் கீழே அழுத்தி, டக் என்று உட்கார்வதை விரலில் உணர வேண்டும். சாய்த்து அழுத்தினால் நசுங்கும். எது எங்கே இருந்தது என்று கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ரூட்டர் பக்கத்துல உக்காந்தா மட்டும் வருது, அடுத்த ரூம்ல இல்ல" என்று வருகிற லேப்டாப்களில் இந்த வயர் கழன்று தொங்குவதைக் காணலாம், அதுவும் முன்பு எங்கேயோ கீபோர்டோ பேட்டரியோ மாற்றியவற்றில்.

நெட்வொர்க் ரீசெட் கொடுத்துடலாம், இல்லன்னா ஃபார்மேட் போட்டுடலாம்னு பசங்க சொல்றாங்க.

நெட்வொர்க் ரீசெட் பரவாயில்லை. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும் என்று தெரிந்துகொண்டு, மேலே சொன்னவை முடிந்த பிறகு கொடுங்கள். ஃபார்மேட் என்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. ரூட்டர் 13-ஆம் சேனலில் இருந்தால் எத்தனை தடவை ஃபார்மேட் போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். சாப்ட்வேர் கோளாறா என்று தெரிய வேண்டுமானால், பென்டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸை ஏற்றி, நிறுவாமலே ட்ரை என்று ஓட்டிப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் கார்டு நலம், விண்டோஸில்தான் சிக்கல்.

அப்படியே உபுண்டுவை இன்ஸ்டால் பண்ணிட்டேன். இப்ப அதுல வைஃபை இல்ல!

இன்டெல் கார்டுகள் பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும். பிராட்காம் என்றால் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற கருவியைத் திறந்து, அது காட்டும் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். நெட்டுக்கு முன்பு சொன்ன யுஎஸ்பி டெதரிங் லினக்ஸிலும் அப்படியே வேலை செய்யும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில் வெகுகாலம் கார்டுகளின் ஃபர்ம்வேரை (கார்டுக்குள் ஓடும் மென்பொருளை) தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே அது சேர்ந்து வருகிறது.

கார்டு தெரிந்தும் இயங்கவில்லை என்றால் டெர்மினலில், வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளை கொடுத்துப் பாருங்கள். சாஃப்ட் பிளாக் என்றால் கட்டளையிலேயே விடுவிக்கலாம். ஹார்ட் பிளாக் என்றால் மூன்றாம் கேள்வியில் சொன்ன சுவிட்ச் அல்லது எஃப்என் சாவி.

கார்டுதான் போச்சுன்னு உறுதியாயிடுச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கார்டைக் கேட்டு வாங்கறது? இல்ல டாங்கிளே போதுமா?

வாங்கப் போகும் முன், பழைய கார்டு கழற்றக்கூடியதா என்று பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் வைஃபை சிப் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், அவற்றுக்கு, யுஎஸ்பி போர்ட்டில் செருகும் வெளி வைஃபை கருவியான டாங்கிள்தான். கழற்றக்கூடியது என்றால் பெயரின் கடைசி எண் வரை பார்த்து வாங்குங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் பிசிஐஇ கார்டுகள். ஏஎம்டி லேப்டாப்களிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், விலையும் குறைவாகச் சொல்வார்கள். ஆனால் அவற்றின் மூளையில் ஒரு பகுதி இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. அதற்கு ஏற்ற இன்டெல் போர்டு இல்லாமல் அவை எழவே எழாது. பழைய திங்க்பேட், ஹெச்பி மாடல்கள் சிலவற்றின் பயாஸில் அனுமதிப் பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத கார்டை மாட்டினால் கணினி பூட் ஆகாமல் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். அவற்றுக்கு அதே பார்ட் எண் உள்ள கார்டையே தேட வேண்டும்.

டாங்கிள் என்றால் 5 கிகாஹெர்ட்ஸும் உள்ளதாக வாங்குங்கள். நகம் அளவே உள்ள குட்டி டாங்கிளில் ஆன்டெனாவும் அந்த அளவுதான், எதிர்பார்ப்பையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். செருகியதும் வைஃபைக்குப் பதிலாக ஒரு சிடி டிரைவ் முளைத்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சில டாங்கிள்கள் டிரைவரைத் தம்முள்ளேயே சிடி வடிவில் வைத்திருக்கும். அதைத் திறந்து நிறுவியதும் வைஃபை கார்டாக மாறிக்கொள்ளும். உள்ளே இருக்கும் செத்த கார்டை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்தக் கார்டில் இணைகிறது என்று ஒவ்வொரு தடவையும் குழம்ப வேண்டியிருக்கும்.